வாய்மொழிச் சரித்திரமும் நமது கடமையும்
(உப்பளத்தில் நடந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். "ஆப்பிரிக்காவின் சரித்திரத்தைக் கதை சொல்லிக் கற்பிப்பது என்பதற்கும் உப்பளத்துக்கும் என்னய்யா சம்பந்தம்? இங்கே பேச வேறு விஷயமே இல்லையா?" என்று கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆனால் சம்பந்தம் இருக்கிறது என்பதையும், அது நாம் நினைப்பதைவிட நெருங்கிய சம்பந்தம் என்பதையும், அதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதால் நஷ்டம் நமக்குத்தான் என்பதையும் எடுத்துச் சொல்லவே வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் பாட்டனாருக்குப் பாட்டனார் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாது. ஆனால் தசரதனுடைய அப்பன் பெயரும், அவனுக்கு எத்தனை பெண்டாட்டி என்பதும் தெரியும். இருந்த மனிதர்களுடைய சரித்திரம் தெரியாமல், இருந்ததற்குச் சாட்சியில்லாதவர்களுடைய வம்சாவளி மாத்திரம் மனப்பாடமாய்த் தெரிந்திருப்பதற்கு என்ன காரணம்? உங்களுக்குக் கதை சொன்னவன் எவனோ அவன், தனக்கு எந்தக் கதையால் பிழைப்பு நடக்குமோ அந்தக் கதையைச் சொன்னான். கேட்டவர்களும், கேட்டால் புண்ணியம் என்று கேட்டார்கள். அவ்வளவுதான் காரணம்.

எழுத்தில்லாதவனுக்குச் சரித்திரம் இல்லையா?

ஐரோப்பாவிலே ஹெகல் என்று ஒரு பெரிய தத்துவ ஆசிரியர் இருந்தார். அவர், ஆப்பிரிக்கா உலக சரித்திரத்தில் சேர்ந்ததே அல்ல என்று சொல்லிவிட்டுப் போனார். அது நூற்றைம்பது, இருநூறு வருஷத்துப் பழங்கதை என்று விட்டுவிடலாம். ஆனால் 1963-ஆம் வருஷத்தில்கூட டிரெவர் ரோப்பர் என்னும் ஆக்ஸ்போர்டு சரித்திரப் பேராசிரியர், ஆப்பிரிக்காவில் ஐரோப்பியருடைய சரித்திரம்தான் உண்டு, மற்றதெல்லாம் இருட்டு என்ற கருத்தில் பேசினார். கோடிக்கணக்கான மக்கள் பிறந்து, உழைத்து, ராஜ்யங்கள் கட்டி, சண்டை போட்டு, சந்தை நடத்தி வாழ்ந்த ஒரு கண்டத்தைப் பற்றி இப்படிச் சொன்னார்கள்.

ஆப்பிரிக்காவில் எழுத்தே இல்லை என்பதும் பொய். எத்தியோப்பியாவில் பழமையான எழுத்து உண்டு. திம்புக்து நகரத்தில் கையெழுத்துச் சுவடிகள் பல்லாயிரம் இருக்கின்றன. ஆனாலும் பல ஜனங்கள் தங்கள் சரித்திரத்தை வாயாலேயே காப்பாற்றி வந்தார்கள் என்பது மெய். அதைக் கண்டு, "எழுதி வைக்காதவனுக்குச் சரித்திரம் ஏது?" என்று வெள்ளைக்காரன் கேட்டான்.

தோழர்களே! இந்தக் கேள்வியை நாம் வேறெங்காவது கேட்டதில்லையா? சூத்திரன் வேதத்தைக் காதால் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று கௌதம தர்மசூத்திரம் எழுதி வைத்திருக்கிறது. படிக்காதே என்று சட்டம் செய்தவனே, "நீ படிக்காதவன், உனக்கு என்ன சரித்திரம்?" என்று கேட்டால் அதற்கு என்ன பெயர்? வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவன், திண்ணையில் படுத்திருப்பவனைப் பார்த்து, "உனக்கு வீட்டில் படுக்கத் தெரியாது" என்று சொன்னதற்கு ஒப்பாகும்.

ஆகவே, ஆப்பிரிக்கருக்கு வந்த கேள்வியும் நமக்கு வந்த கேள்வியும் ஒன்றுதான். 1873-இல் ஜோதிராவ் பூலே "குலாம்கிரி" என்ற நூலை எழுதியபோது, கறுப்பு மக்களின் அடிமைத்தளையை அறுத்த அமெரிக்க மக்களுக்கு அதைக் காணிக்கையாக்கினார். இந்தச் சம்பந்தம் அவருக்கு அன்றைக்கே தெரிந்திருந்தது.

கிரியோ என்னும் கதை சொல்லி

மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி, கினி, செனெகல், காம்பியா முதலிய நாடுகளில், சரித்திரத்தை வாயால் சொல்லுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டத்தார் உண்டு. மாந்தே மொழியில் அவர்களை ஜெலி என்பார்கள். பிரெஞ்சில் கிரியோ என்பார்கள். ராஜ வம்சங்களின் பரம்பரை, ஊர்கள் உண்டான விதம், யுத்தங்கள், உடன்படிக்கைகள் எல்லாவற்றையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு, கோரா என்னும் நரம்பு வாத்தியத்தையோ, பலாஃபோன் என்னும் மரக்கட்டை வாத்தியத்தையோ வாசித்துக்கொண்டு சபையிலே சொல்லுவார்கள்.

அவர்கள் சொல்லும் கதைகளில் பெரியது சுந்தியாத்தா கதை. நடக்க முடியாத பிள்ளையாகப் பிறந்தவன், ஏழு வயது வரை தவழ்ந்தவன், தாயை ஊரார் ஏசியதைப் பொறுக்க மாட்டாமல் இரும்புத் தடியை ஊன்றி எழுந்து நின்றவன், ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுப் பல தேசங்களில் திரிந்தவன், கடைசியில் சுமாங்குரு என்னும் அரசனைக் கிரினா என்ற இடத்தில் 1235 வாக்கில் தோற்கடித்து மாலி சாம்ராஜ்யத்தை உண்டாக்கினான் என்பது கதை. யுத்தத்துக்குப் பின் குருகான் ஃபுகா என்ற இடத்தில் கூட்டம் கூடி, மக்கள் எப்படி வாழ வேண்டும் என்று விதிகள் செய்தார்கள் என்றும் சொல்லுவார்கள். அந்தச் சாசனத்தை 2009-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. கதையை மாமது குயாத்தே என்ற கிரியோ சொல்லக் கேட்டு, கினி நாட்டுச் சரித்திர ஆசிரியர் ஜிப்ரில் தம்சிர் நியான் 1960-இல் பிரெஞ்சில் புத்தகமாக்கினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம், கதை சொல்லும் முறை. கிரியோ தனியாகப் பேசிக்கொண்டு போவதில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு வரிக்கும் "நாமு, நாமு" என்று சொல்லிக்கொண்டே வருவார். "ஆம்" என்று அர்த்தம். நம் தெற்கத்தி வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பின்பாட்டுக்காரர் "ஆமா" போடுகிறாரே, அதேதான். கேட்பவன் தூங்காமல் இருக்கவும், சொல்பவன் மறக்காமல் இருக்கவும், சின்னப் பிள்ளைகள் மனதில் பதியவும் இந்த முறையைப் போல் வேறில்லை. கரும்பலகையில் எழுதிப் போட்ட வருஷக்கணக்கு பரீட்சை முடிந்த மறுநாள் போய்விடுகிறது. கூத்திலே கேட்ட கதை சாகும்வரை போவதில்லை.

மாலியில் கங்காபா என்ற ஊரில் ஒரு பழைய கூரை வீடு இருக்கிறது. ஏழு வருஷத்துக்கு ஒரு முறை அதற்குப் புதுக்கூரை வேய்வார்கள். வேய்கிறவர்கள் இருபது வயது வாலிபர்கள். அப்போது கேலா என்ற ஊரிலிருந்து கிரியோக்கள் வந்து நாட்டின் சரித்திரத்தைச் சொல்லுவார்கள். இந்தத் தலைமுறை வேய்ந்த கூரை மக்குவதற்குள் அடுத்த தலைமுறை கதை கேட்டாக வேண்டும். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறென்ன வேண்டும்?

உண்மை என்பதற்கு என்ன அத்தாட்சி?

நிற்க. "அவர்கள் ஏதோ சொல்லுகிறார்கள், அது உண்மை என்பதற்கு என்ன அத்தாட்சி? ராமாயணத்தைப் பொய் என்கிறாய், சுந்தியாத்தா கதையை மாத்திரம் மெய் என்கிறாயே?" என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்கள் சுயமரியாதைக்காரர்கள் அல்ல.

சுந்தியாத்தா கதையில் மந்திரம், மாயம் எல்லாம் உண்டு. சேவலின் கால்முள்ளைக் கட்டிய அம்புபட்டு அரசன் மாயாஜால பலத்தை இழந்தான் என்கிறார்கள். இது புளுகு. ஆப்பிரிக்கன் சொன்னாலும் புளுகு புளுகுதான். ஆனால் மாலி சாம்ராஜ்யம் புளுகல்ல. ஏனென்றால் வெளிச்சாட்சி இருக்கிறது. மொராக்கோவிலிருந்து புறப்பட்டு உலகத்தைச் சுற்றிய இபின் பதூதா 1352, 1353 வருஷங்களில் மாலிக்குப் போய், அரசன் சபையைக் கண்ணால் கண்டு எழுதியிருக்கிறார். அந்தச் சபையில் கதை சொல்லிகள் இறகுகளால் ஆன வேஷம் போட்டுக்கொண்டு வந்து, முன்னிருந்த அரசர்கள் செய்த நல்ல காரியங்களைச் சொல்லி, நீயும் அப்படிச் செய் என்று அரசனுக்கே புத்தி சொன்னார்கள் என்றும் எழுதியிருக்கிறார். 1406-இல் இறந்த இபின் கல்தூன் என்ற சரித்திர ஆசிரியரும் மாரி ஜாத்தா என்ற பெயரில் இதே அரசனைக் குறித்திருக்கிறார். வாயால் சொன்னதும் ஏட்டில் எழுதினதும் ஒத்துப்போகும் இடத்தில் நாம் நம்பலாம்.

இன்னொரு உதாரணம் சொல்லுகிறேன். காங்கோ நாட்டிலே கூபா என்னும் ஜனங்கள் இருக்கிறார்கள். தங்கள் அரசர்களில் இன்னார் காலத்தில் பட்டப்பகலில் சூரியன் மறைந்தது என்று அவர்கள் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். யான் வான்சினா என்ற பெல்ஜிய நாட்டு ஆராய்ச்சிக்காரர் இதை வான சாஸ்திரக் கணக்கோடு ஒத்துப் பார்த்து, 1680-இல் நேர்ந்த சூரிய கிரகணம் அது என்று கண்டு, அதைக் கொண்டு அந்த அரசனுடைய காலத்தைக் கணித்தார். நம் ஊரிலும் கிரகணம் வந்துகொண்டுதான் இருந்தது. நாம் என்ன செய்தோம்? ராகு விழுங்குகிறான் என்று சொல்லி, சோற்றில் தர்ப்பையைப் போட்டு, பார்ப்பானுக்குத் தானம் கொடுத்துவிட்டு, தலை முழுகிவிட்டு வந்தோம். ஒரு கிரகணத்தைக் கொண்டு ஒரு ஜாதியார் தங்கள் சரித்திரத்துக்குத் தேதி தெரிந்துகொண்டார்கள். நாம் கையிலிருந்த காசை இழந்தோம்.

கிரியோவும் கடவுளல்ல

ஆனால் தோழர்களே, புராணப் பிரசங்கியைக் கீழே இறக்கிவிட்டு அந்த மேடையில் கிரியோவை உட்கார வைத்துக் கும்பிடச் சொல்ல நான் வரவில்லை. அவனிடத்திலும் இரண்டு பெரிய குறைகள் உண்டு.

ஒன்று, கிரியோ என்பது பிறவித் தொழில். கிரியோ மகன்தான் கிரியோ. கொல்லர், தோல் வேலைக்காரர், கிரியோ ஆகியோரைத் தனித்தனிக் கூட்டமாக ஒதுக்கி, மேல்குலத்தார் பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லை. செனெகலில், கிரியோ செத்தால் அவன் உடலைப் புதைத்தால் நிலம் விளையாது என்று சொல்லி, பெருக்க மரத்தின் பொந்துக்குள்ளே போட்டார்கள். ஊர்ச் சரித்திரத்தையெல்லாம் நெஞ்சில் சுமந்தவனுக்குச் செத்தபின் ஆறடி மண் இல்லை. இது எங்கோ நடந்த கதையாகவா தோன்றுகிறது? ஊருக்கெல்லாம் பறை கொட்டி, சாவுச் சேதி சொல்லி, எல்லை எது, எவன் நிலம் எது என்று தெரிந்து வைத்திருந்தவனைத்தானே நாமும் ஊருக்கு வெளியே வைத்தோம்? சுடுகாட்டையும் வேறாக்கினோமே!

இரண்டு, கிரியோ படியளக்கிறவனைப் பாடுகிறவன். கொடுத்தவன் முன்னோரை வீரன் என்பான், கொடுக்காதவன் முன்னோரை மறந்துவிடுவான். அமெரிக்காவில் அலெக்ஸ் ஹேலி என்ற கறுப்பர், அடிமையாக விற்கப்பட்டு வந்த தன் முன்னோரைத் தேடி காம்பியா நாட்டுக்குப் போய், அங்கே ஒரு கிழவர் வாயால் தன் பாட்டன் பெயரைக் கேட்டு, "ரூட்ஸ்" என்ற நூலை 1976-இல் வெளியிட்டார். உலகமே அதைப் படித்து அழுதது. அடுத்த வருஷமே லண்டன் பத்திரிகைக்காரர் ஒருவர் போய் விசாரித்தபோது, அந்தக் கிழவர் முறையான கிரியோ அல்ல என்பதும், வந்தவர் என்ன கேட்க ஆசைப்படுகிறார் என்பது ஊராருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதும் வெளிப்பட்டது. அடிமை வியாபாரம் பொய்யாகிவிடவில்லை. அந்த ஒரு பாட்டன் பெயர் மாத்திரம் சந்தேகத்துக்கு இடமாயிற்று. ஆசைக்கு ஏற்றபடி கதை வரும் என்பதற்கு இது போதாதா?

நம் கதைகளைத் திருடிய விதம்

இனி நம் வீட்டுக்கு வருவோம். நமக்கும் வாய்மொழிச் சரித்திரம் இருந்தது. அதை என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

திருநெல்வேலிப் பக்கத்தில் முத்துப்பட்டன் கதை என்று வில்லில் பாடுவார்கள். பார்ப்பனக் குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், வாலப்பகடை என்னும் சக்கிலியருடைய பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்பினான். பகடை, "பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைத்துக் கொண்டு வா, பெண் கொடுக்கிறேன்" என்றான். முத்துப்பட்டன் அப்படியே செய்து கல்யாணம் செய்துகொண்டான். மாமனார் வீட்டு மாட்டைத் திருட வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தான். எவ்வளவு பெரிய ஜாதி ஒழிப்புக் கதை! இதைப் பாடிப் பாடியே ஜாதியை ஆட்டியிருக்கலாம். ஆனால் என்ன செய்தார்கள்? அந்தப் பெண்கள் உண்மையில் பார்ப்பனக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டவர்களைப் பகடை எடுத்து வளர்த்தான் என்று ஒரு பகுதியைச் சேர்த்தார்கள். பேராசிரியர் நா. வானமாமலை 1970-களின் தொடக்கத்தில் இக்கதைகளைத் தேடிப் பதிப்பித்தபோது, இது பிற்காலத்தில் சொருகப்பட்டது என்று எடுத்துக் காட்டினார்.

மதுரைவீரன் கதையும் அதேதான். சக்கிலியர் வீட்டுப் பிள்ளை வீரனாக இருக்கலாமா? ஆகவே அவன் காசி ராஜாவின் பிள்ளை, காட்டில் விடப்பட்டான், சக்கிலியர் எடுத்து வளர்த்தார் என்று ஆக்கினார்கள். மாறுகால் மாறுகை வாங்கி அவனைக் கொன்றதற்கும் தலைவிதி என்று சமாதானம் சொன்னார்கள். பிறகு சாமி ஆக்கிவிட்டார்கள். சாமி ஆக்கியதோடு கொலைக் கணக்குத் தீர்ந்துபோயிற்று. யார் கொன்றான், ஏன் கொன்றான் என்று கேட்க வேண்டிய ஜனங்கள், சாராயமும் சுருட்டும் வாங்கிப் படைத்துவிட்டுத் தூங்கப் போனார்கள்.

ஆப்பிரிக்கருக்கும் இந்தியாவிலேயே இது நடந்திருக்கிறது. கொச்சியில் மட்டாஞ்சேரிப் பக்கத்தில் "காப்பிரி முத்தப்பன்" என்று ஒரு சாமி உண்டு. போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டு வந்தார்கள். 1663-இல் டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தபோது, ஓடுகிறவர்கள் தங்கள் பொன்னைப் புதைத்து, அதற்குக் காவலாக அடிமைகளையும் கொன்று புதைத்தார்கள் என்று அந்த ஊரார் சொல்லுகிறார்கள். கொல்லப்பட்ட அந்தக் கறுப்பனுக்குத்தான் இன்றும் சுருட்டும் கள்ளும் வைக்கிறார்கள். மதுரைவீரனுக்கும் சுருட்டு, காப்பிரிக்கும் சுருட்டு. உயிரோடு இருந்தபோது கஞ்சிக்குக் கதியில்லை. செத்தபின் சுருட்டு!

ஆகவே ஒடுக்கப்பட்டவன் கதையைத் திருடுவதற்கு வழி மூன்று. அவன் பிறப்பை மாற்றுவது, அவன் சாவுக்கு விதியைக் காரணம் காட்டுவது, அதிலும் அடங்காவிட்டால் அவனைக் கடவுளாக்கிவிடுவது.

இந்தக் கரையில் நடந்தது

இப்போது உப்பளத்துக்கு என்ன சம்பந்தம் என்று சொல்லுகிறேன். உப்பு விளைந்த இந்த இடத்துக்குத் தெற்கே ஆற்றைத் தாண்டினால் அரியாங்குப்பம். ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் 1743-ஆம் வருஷத்திலே எழுதியிருப்பதைப் பாருங்கள். ஏழை ஜனங்களை ஆசை காட்டியும் ஏமாற்றியும் பிடித்து, அரியாங்குப்பத்தில் அடைத்து வைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள் என்று எழுதியிருக்கிறார். பிடித்துக் கொடுத்த தரகர்களும் நம்மவர்களே. இந்துமகா சமுத்திரத்தில் பிரெஞ்சுக்காரர் வைத்திருந்த தீவுத் தோட்டங்களில், ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் விற்கப்பட்டு வந்தவர்களும், இந்தக் கரையிலிருந்து விற்கப்பட்டுப் போனவர்களும் ஒரே சவுக்கின் கீழ் வேலை செய்தார்கள்.

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிய பிரான்சு 1794-இல் அடிமைமுறையை ஒழித்தது. 1802-இல் நெப்போலியன் அதைத் திரும்பக் கொண்டு வந்தான். எய்த்தித் தீவு அடிமைகள் மாத்திரம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1791-இல் கிளம்பியவர்கள், நெப்போலியன் படையையே தோற்கடித்து, 1804 ஜனவரி 1-ஆம் தேதி சுதந்திர நாடு என்று பிரகடனம் செய்தார்கள். கடவுள் வந்து விலங்கை அறுக்கவில்லை, அவர்களே அறுத்தார்கள். மற்றத் தீவுகளில் 1848-இல்தான் அடிமைமுறை ஒழிந்தது. ரெயூனியோன் தீவில் அந்த வருஷம் டிசம்பர் 20-ஆம் தேதி அறுபதினாயிரம் பேருக்குமேல் விடுதலையானார்கள்.

விடுதலையானவர்கள் பழைய கூலிக்கு வேலைக்கு வர மறுத்ததும் முதலாளி யாரைத் தேடினான்? நம்மைத் தேடினான். 1853 மே மாதத்தில் "ஒரேலி" என்னும் கப்பல் மார்ட்டினிக் தீவில் முதல் கூலிக் கூட்டத்தை இறக்கிற்று. 1854 டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்பில் இறக்கிற்று. புதுச்சேரி, காரைக்கால், கல்கத்தா துறைமுகங்களிலிருந்து 1889 வரை அந்த இரண்டு தீவுகளுக்கு மாத்திரம் அறுபத்தையாயிரம் பேருக்குமேல் போனார்கள்.

போனவர்கள் என்ன கொண்டு போனார்கள்? நிலமா, பணமா? கூத்தைக் கொண்டு போனார்கள். "நாடகம்" என்ற நம் சொல் குவாதலூப்பில் "நாத்ரோன்" என்றும், ரெயூனியோனில் "நார்ல்கோன்" என்றும் திரிந்து வழங்கியது. மதுரைவீரன் அங்கே "மல்தேவிலன்" ஆகிவிட்டான். மொழி போய்விட்டது, கூத்து நின்றது. பக்கத்துக் குடிசையில் ஆப்பிரிக்கர் வழியில் வந்தவன் இரவில் கதை சொன்னான். ரெயூனியோனில் அவன் "கிரிக்கே" என்று கூவினால் கேட்பவர்கள் "கிராக்கே" என்று பதில் சொல்ல வேண்டும். அடிமைகள் பாடிய மலோயா என்ற பாட்டை அதிகாரத்தில் இருந்தவர்கள் நெடுங்காலம் அடக்கி வைத்தார்கள். 2009-இல் அதே பாட்டை யுனெஸ்கோ உலகச் சொத்து என்றது. ஆப்பிரிக்கன் சரித்திரமும் புதுச்சேரித் தமிழன் சரித்திரமும் அந்தத் தீவுகளில் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒன்றை விட்டு ஒன்றைப் படிக்க முடியாது.

இவ்வளவும் இருக்க, நாம் என்ன செய்கிறோம்? சுருட்டை மயிர்க்காரனைக் கண்டால் காப்பிரி என்கிறோம். படிக்க வந்த ஆப்பிரிக்க மாணவனுக்கு வாடகைக்கு வீடு கொடுக்கத் தயங்குகிறோம். கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஊர்வலம் போகிற நம் தோழர்களிலேயே, மகனுக்குப் பெண் பார்க்கும்போது சிவப்பாக இருக்கிறாளா என்று கேட்கிறவர்கள் இல்லையா? கறுப்பு சட்டையில் இருந்தால் பெருமை, தோலில் இருந்தால் அவமானமா? மேல்ஜாதிக்காரன் நம்மை இழிவாக நினைப்பது தப்பென்றால், நாம் ஆப்பிரிக்கனை இழிவாக நினைப்பது எப்படிச் சரியாகும்?

செய்ய வேண்டிய காரியம்

ஆகவே நான் சொல்லுவது இதுதான். நம் பிள்ளைகளுக்கு இந்தச் சரித்திரத்தைச் சொல்ல வேண்டும். பாடப்புத்தகத்தில் வரட்டும் என்று காத்திருந்தால் நம் பேரன் காலத்திலும் வராது. தெருவிலே, கூத்திலே, வில்லிலே சொல்ல வேண்டும்.

இதற்கு நமக்கு முன்மாதிரி உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தன் கதையைக் கதாகாலட்சேபமாகப் பாடினார். பெரிய புராணத்தில் இல்லாத வேதியப் பண்ணையார் ஒருவரை அதிலே புகுத்தினார். அது அச்சேறியது நம் காரைக்காலிலே, ஒரு பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவிலே. ஊரூராய் ஜனங்கள் கேட்டு அழுதார்கள். அழுதுவிட்டு என்ன செய்தார்கள்? நந்தன் நெருப்பில் இறங்கியது சரி என்று வீட்டுக்குப் போனார்கள். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் அந்தக் காலட்சேபத்தையே எடுத்து, 1949-இல் வந்த "நல்லதம்பி" படத்தில் கிந்தனார் கதையாக ஆக்கினார். கிந்தன் சிதம்பரத்துக்குப் போகவில்லை, பட்டணத்துக்குப் போனான். நெருப்பில் இறங்கவில்லை, பள்ளிக்கூடத்தில் படித்தான், கல்வி அதிகாரியாகத் திரும்பி வந்தான். மெட்டும் முறையும் பழையது, விஷயம் புதிது. ஜனங்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே யோசித்தார்கள். நாம் செய்ய வேண்டியதும் அதுதான்.

ஒவ்வொரு கதையையும் மேடையேற்றுவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைச் சொன்னவன் யார்? சொன்னவனுக்குப் படியளந்தவன் யார்? சொன்னதற்கு வெளிச்சாட்சி என்ன? மூன்றிலும் தேறினதைச் சரித்திரம் என்று சொல்லுங்கள். தேறாததைக் கதை என்று சொல்லிச் சொல்லுங்கள். நம் தெருக்கூத்திலே கட்டியங்காரன் இருக்கிறான். ராஜா வேஷத்தையே கேலி செய்ய அவனுக்கு உரிமை உண்டு. அவன் வாயில் இந்தக் கேள்விகளைக் கொடுங்கள். ராஜா "நான் சூரியகுலம்" என்றால், கட்டியங்காரன் "சூரியனுக்கு ஏதய்யா பெண்டாட்டி?" என்று கேட்கட்டும். பிள்ளைகள் சிரிப்பார்கள், மறுநாள் வீட்டிலும் கேட்பார்கள்.

கதை சொல்கிறவன் இன்ன ஜாதி என்று இருக்கக் கூடாது. கிரியோவிடம் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாதது அதுதான். எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அங்கே பெண்களும் கிரியோக்கள், சபையில் நின்று பாடுகிறவர்கள். நம் நாட்டிலும் கன்னியாகுமரிப் பக்கத்தில் பூங்கனி அம்மையார் வில்லடித்துப் புகழ்பெற்று 2018-இல் மறைந்தார். தாலாட்டும் ஒப்பாரியும் பெண்கள் பாடினால் சரி, மேடையேறிச் சரித்திரம் சொன்னால் தப்பா? உப்பளத்துப் பெண்கள் இதில் முன்வர வேண்டும்.

சொல்லுவதற்குக் கதைகளா இல்லை? எழுந்து நின்ற சுந்தியாத்தா இருக்கிறான். எத்தியோப்பியாவிலே பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, தக்காணத்துக்கு வந்து, மொகலாயப் படையைத் திணற அடித்து 1626-இல் மாண்ட மாலிக் அம்பர் இருக்கிறார். எய்த்தி இருக்கிறது. அரியாங்குப்பத்துக் கிடங்கு இருக்கிறது. ஒரேலி கப்பல் இருக்கிறது. 1936 ஜூலை 30-ஆம் தேதி இதே நகரத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட 12 ஆலைத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு பேருக்குச் சாமி பட்டம் கட்டாமல், ஏன் வேலை நிறுத்தம் செய்தார்கள், யார் சுட்டார்கள், எட்டு மணி நேர வேலை எப்படி வந்தது என்று சொல்லிக் கொடுங்கள். இதைக் கேட்கிற பிள்ளை, நாளைக்கு யார் வந்து "உனக்குச் சரித்திரம் இல்லை" என்றாலும் வாயை மூடிக்கொண்டு போகமாட்டான்.

கிரியோ கதை சொன்னால் பக்கத்திலிருப்பவர் "நாமு" சொல்லுவார் என்றேன். எனக்கு நீங்கள் அப்படி "ஆமா" போட வேண்டியதில்லை. நான் சொன்னதையும் அந்த மூன்று கேள்வியில் போட்டுப் பாருங்கள். உங்கள் புத்திக்குச் சரி என்று பட்டதை எடுத்துக்கொண்டு காரியத்தில் இறங்குங்கள். சரியல்ல என்று பட்டதைத் தள்ளிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.